வலம் வராத கார்

கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டுச் சேலையைப் பிழிந்துகொண்டு நின்றேன். தம்பி இராசையா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, "அக்கா, சின்னத்துரை அத்தான் மோசம் போயிட்டார்" என்றான். காலையில் ஏதோ ஒரு காருக்கு அடியில் படுத்தவர் எழும்பவில்லையாம். சிவசிவா என்று மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினேன்.

அத்தான் என் மூத்த அக்காவின் புருஷன். தெல்லிப்பழைப் பக்கம் மோட்டார் திருத்தினவர் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற புத்தகத்துக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதாக எழுத மனம் வரவில்லை. செத்தவீட்டில் கேட்ட புகழ்ச்சி இன்னும் தொண்டையில் சளிபோல நிற்கிறது.

எங்கள் குளம் வற்றிக் கிடந்த ஒரு கோடையில் நடந்தது. கோயில் மனேச்சர் தன் புதுக் காரை மல்லாகத்துக்காரர் ஒருவரின் காரோடு குளத்துக்குள் ஓடவிட்டுப் பார்ப்பதென்று பந்தயம் பிடித்தார். குளம் கிண்ணம்போலச் சரிந்தது. நடு மேட்டில் பிள்ளையார் கோயில். கரைச் சரிவில் ஏறிச் சுற்றிச் சுற்றி ஓடவேண்டும். மனேச்சரின் காரை ஓட்ட இருந்தவன் என் தம்பி.

அத்தான் ஒரு கிழமை அந்தக் காரோடு மாரடித்தார். இடப்பக்கமாகவே திரும்பி ஓடினால் பாரம் எல்லாம் வெளிப்பக்கத்தில், வலப்பக்கச் சக்கரங்களில், விழுமாம். அதனால் வலப்பக்க ஸ்பிரிங்குக்கு ஒரு தகடு கூட்டி, இடப்பக்கத்தில் ஒன்றைக் கழற்றினார். கார் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா சிரித்தா. "வேகம் பிடிச்சால் பாரம் அமத்தும். அப்ப நேர நிக்கும், பாரன்" என்றார் அத்தான்.

ஓடுகிற நாள் குருக்கள் தேங்காய் உடைத்த பிறகுதான் யாரோ கேட்டார்கள், பிள்ளையாரை இடமாகச் சுற்றுவதா என்று. கூட்டமே நாக்கைக் கடித்தது. உடனே மனேச்சர் வலமாக ஓடச் சொன்னார்.

"வலமா எண்டால் நாளைக்கு ஓடுவம், ஐயா. தகட்டை மாத்திப் போடவேணும். இப்பிடியே விட்டால் சரிவிலை பிரண்டு போம்" என்றார் அத்தான்.

"நல்ல நேரம் போயிடும். பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்."

"பிள்ளையார் எலியிலை போறவர், ஐயா. அவருக்கு ஸ்பிரிங்கிலை பழக்கமில்லை."

எல்லா விரதமும் பிடிக்கிற நான் வாய்விட்டுச் சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பியும் காருக்குள் இருந்தபடி, சனத்துக்கு முன்னால் தன்னைப் பேயனாக்க வேண்டாம் என்று முணுமுணுத்தான். அத்தான் காருக்கு அடியில் புகுந்து, ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த ஆணியைக் கழற்றினார். கார் பின்பக்கமாகக் குந்திவிட்டது. ஆணியை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்றைக்குக் கார் ஓடவேயில்லை, பிரளவுமில்லை. தம்பிக்குக் கீறல்கூட இல்லை. ஆனபடியால் அத்தான் சொன்னது சரியென்று காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை. அந்த எலிப் பகிடி மட்டும் ஊரில் மிஞ்சியது. பிள்ளையாரைப் பழித்தவன் என்று அந்த வருஷம் தொடங்கி மனேச்சர் அவரைத் தேர் வடம் தொடவிடவில்லை. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தேர் திரும்புகிற ஒழுங்கை முடக்கில் நின்று கும்பிடுவார். வடத்தை இழுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகிறவர்களில் என் தம்பியும் ஒருவன்.

அதே மனேச்சர் செத்தவீட்டில் சந்தனப் பொட்டோடு வந்து, "பெரிய பக்திமான். எனக்குச் சகோதரம் மாதிரி" என்றார். நான் ஒப்பாரியை நிறுத்திவிட்டு, "அப்ப ஏன் வடம் குடுக்கேல்லை?" என்று கேட்டேன். அது பழைய கதை, பிள்ளை என்று சொல்லி வெற்றிலைத் தட்டத்தை இழுத்தார்.

ஏன் அத்தான், மனேச்சரை ஒருநாளாவது வாய்விட்டு ஏசாமல் இருக்கிறியள் என்று நான் முன்பு கேட்டிருக்கிறேன். "உன்ரை தம்பி உசிரோடை இருந்து சோறு தின்னுறான். அது காணும்" என்றார்.

அவருக்கு அவ்வளவு போதும். எனக்குக் காணாது. அவர் கோபிக்காமல் விட்ட கோபம் முழுவதும் இப்போது என்னிடம் இருக்கிறது. விரத நாளிலும் அதை இறக்கி வைப்பதில்லை. பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்திருக்கிறேன்.