நெமேசியோ நடித்த புதையல் படம்

வாயாகா ஆற்றங்கரையில் நெமேசியோ பிஞ்சியைத் தெரியாத ஆள் கிடையாது. காடு வெட்டிப் பிழைப்பவன். ஆள் தங்கமானவன்தான், வாயைத் திறந்தால் மட்டும் புளுகு. அவன் பார்த்த மலைப்பாம்பு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு முழம் வளரும். ஊரும் 'ம்' கொட்டிக் கேட்டுவிட்டு, அவன் போன பிறகு சிரிக்கும். அவனுக்கு அது உறைக்கவே உறைக்காது.

உறைத்ததெல்லாம் அவன் மனைவி ஒதீலியாவுக்குத்தான். படகுத்துறைச் சந்தையில் அவள் சோற்றுப் பொட்டலம் விற்கிறாள். மஞ்சள் சோற்றுக்குள் கோழியும் முட்டையும் வைத்து, இலையில் உருண்டையாகக் கட்டி வேகவைத்தது. பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். வாங்க வருகிறவர்களுக்கு அதிலும் கேலி.

"உள்ள நிஜக் கோழியாக்கா, இல்ல நெமேசியோ அண்ணன் பிடிச்ச கோழியா?"

கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப்போனது.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் படக்குழு ஒன்று வந்து இறங்கியது. காட்டுக்குள் பாழடைந்த கோயில், அதற்குள் தங்கப் புதையல், அதைத் தேடிப் போகும் ஒரு வீரன், இதுதான் படத்தின் கதை. நெமேசியோவுக்கும் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? காடு நடுகிற வேலை! வீரன் கத்தியை வீசிக் கொடிகளை அறுத்துக்கொண்டு வருவான். சரியில்லை, இன்னொரு தடவை என்பார் இயக்குநர். உடனே நெமேசியோ ஓடிப்போய், அறுந்த கொடிகளைக் கம்பியால் கட்டி, காட்டைப் பழையபடி ஆக்கவேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து காட்டை வெட்டியவன், அந்த மாதம் முழுக்க அதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே தார்ச்சாலை வேறு. ஏதாவது ஆட்டோ ஹாரன் அடித்துத் தொலைத்தால் மறுபடி முதலிலிருந்து.

கடைசியில் ஒருநாள், மூட்டை தூக்குபவனாக நடிக்கவும் வைத்தார்கள். அலறிக்கொண்டே பள்ளத்தில் விழவேண்டும். விழுந்தான். அவ்வளவுதான், ஊரெல்லாம் ஒரே தம்பட்டம்.

மறு வருஷம் படம் வந்தது. ஞாயிறு மதியம் நகராட்சி மண்டபத்தில் காட்டப்போகிறார்கள் என்றதும், ஒதீலியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் எதிரே நின்றாள்.

"யோவ், இதுவும் புளுகுன்னா இப்பவே சொல்லிடு. படத்துல நீ இல்லன்னா, மறுநாளே தாராபோத்தோவுக்கு எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"சத்தியமா இருக்கேன்டி! வந்து பாரேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கே வந்தாள்.

தகரக் கூரையில் மழை கொட்ட, படம் ஓடியது. அபத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. மூன்று நாள் காட்டில் வழிதவறித் திரிந்தவன் முகத்தில் ஒரு முடிகூட முளைக்கவில்லை. ஐந்நூறு வருஷமாக மூடிக்கிடந்த கோயிலுக்குள் தீவட்டிகள் ஜம்மென்று எரிந்தன. "எண்ணெ ஊத்துனது யாருப்பா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டான் படகோட்டி வால்தெர். "மூணு நாளா இதுங்க ஒரு வாழக்கா கூடத் திங்கலையே," என்று ஒதீலியா நிஜமாகவே கவலைப்பட்டாள். கத்திய குரங்கு எங்கள் காட்டுக் குரங்கே இல்லை. எந்த தேசத்திலிருந்து பிடித்து வந்தார்களோ.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, படம் ஆளை அசையவிடாமல் உட்காரவைத்தது. தொங்குபாலம் அறுந்தபோது மண்டபமே காலைத் தூக்கிக்கொண்டது. அந்தப் பாலத்துக்குக் கயிறு முறுக்கிக் கொடுத்தவர்கள்தான் எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினார்கள்.

பள்ளம் வந்தது. நெமேசியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். பள்ளம் போயும்விட்டது. மூட்டை தூக்குபவனைக் காணோம். அந்தக் காட்சியையே வெட்டி எறிந்துவிட்டார்கள், பாவிகள்.

வால்தெர் திரும்பிப் பார்த்தான். "எங்கண்ணே விழுந்தீங்க? ரொம்ப ஆழமோ, கண்ணுக்கே தெரியல!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஒதீலியா சிரிக்கவில்லை.

"நிஜமாவே விழுந்தேன்டி," என்றான் மெதுவாக.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

திரையில் வீரன் கோயில் சுவரிலிருந்த ஒரு பொந்துக்குள் கையை விட்டான். உள்ளே இருக்கும் பிடியை இழுத்தால்தான் புதையல் அறை திறக்கும். பொந்துக்குள் நுழைந்த கை மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது. முழங்கை பக்கமிருந்து ஒரு பெரிய மயிர்ச்சிலந்தி அதன்மேல் மெல்ல நடந்து வந்தது.

"யோவ் நெமேசியோ! கைய எடுய்யா, கடிச்சிரப்போவுது!"

அலறியது ஒதீலியா. எழுந்து நின்று, திரையைப் பார்த்து. பக்கத்திலேயே புருஷன் உட்கார்ந்திருப்பது அவளுக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.

நெமேசியோவுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிலந்தியைக் கண்டதும் வீரன் கூடாரத்துக்குள் ஓடிப்போய்விட, இவன் கைக்கு வெள்ளை மாவு பூசி, வீரனின் சட்டையை மாட்டிவிட்டு எடுத்த காட்சி அது. சாதுவான சிலந்தி, கடிக்கவே இல்லை. வெறும் கையைப் போய் எவன் பெருமையாகச் சொல்வான் என்று வீட்டில்கூட அவன் மூச்சு விட்டதில்லை.

"அக்கா, அண்ணன் இங்கதான உக்காந்திருக்காரு," என்றான் வால்தெர். "அது அந்த வெள்ளக்காரன் கை."

"போடா! முப்பது வருஷமா என் பக்கத்துல கெடக்குற கை. மாவப் பூசிட்டா எனக்குத் தெரியாதா?"

வால்தெர் திரையைப் பார்த்தான். எழுந்து வந்து நெமேசியோவின் கையைப் பார்த்தான். இரண்டிலும் சுண்டுவிரல் ஒரே மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"கடிச்சுதாண்ணே?" இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

நெமேசியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "ரெண்டு தடவ."

மண்டபம் முழுவதும் ஒதீலியாவைப் பார்த்தது. அவள் உட்கார்ந்து, புருஷன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவதான்," என்றாள். "நான்தான் மருந்து போட்டேன்."