கோலத்தின் மேல் போன சைக்கிள்கள்

ரோடு தோண்டி தகரம் வைத்து அடைத்திருப்பதை எங்கே பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது ஒரு சைக்கிள் நுழையும் இடைவெளியைத்தான். இப்போது நான் மும்பை செம்பூரில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவள் என்பதால் மட்டுமல்ல. அது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம்.

தாராவியில் எங்கள் சந்திலிருந்து விடிவதற்குள் இட்லி சைக்கிள்கள் கிளம்பிவிடும். கேரியரில் பெரிய இட்லிப் பாத்திரம், ஹாண்டில்பாரில் சாம்பாரும் சட்னியும், 'பாம் பாம்' என்று ரப்பர் ஹாரன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மாட்டுங்காவில் ஆபீஸ்காரர்கள் குளிக்கவே போவார்கள் என்பது அப்பாவின் அபிப்பிராயம். அப்பாவும் இட்லிக்காரர்தான்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, கான்கிரீட் ரோடு போடப்போவதாகச் சொல்லி சந்து முனையைத் தோண்டிவிட்டார்கள். சைக்கிள்களெல்லாம் மேம்பாலம் ஏறிச் சுற்ற வேண்டும். முதல் நாளே ஒரு லாரி ஓரங்கட்டியதில் அப்பா சைக்கிளோடு சரிந்து, முழங்கை உரிந்து, சாம்பாரில் குளித்து வீடு வந்தார். அவர் சாம்பாருக்காக வருத்தப்பட்டார். அம்மா முழங்கையைப் பார்த்தாள். இவர் இனி மேம்பாலம் ஏறக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற அளவுக்குத் தரை மிச்சமிருந்தது. அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, தகரத்தை நகர்த்த வைத்தாள். ஆனால் சாயங்காலமானால் யாராவது அங்கே மணலைக் கொட்டிவிடுவார்கள். கேட்டால் சூப்பர்வைசர் "ஹோ ஜாயேகா", ஆகிவிடும், என்பார். மறுநாளும் மணல் கிடக்கும். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா அந்த இடத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சுவரிலிருந்து பள்ளம் வரை அடைத்துக் கோலம் போட்டு, நடுவில் மஞ்சள் குங்குமமும் வைத்தாள். கோலத்தின் மேல் மணல் கொட்ட யாருக்குக் கை வரும்? வேலையாட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். போதாததற்கு, யாரோ ஒரு புண்ணியவான் சுவரோரம் ஒரு கல்லை நட்டு வேப்பிலையும் சாத்திவிட்டுப் போனார்.

வினை அங்கேதான் வந்தது. மறுநாள் காலையில் இட்லிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். கல்லைக் கண்டதும் இறங்கிப் பயபக்தியோடு கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு சைக்கிளை மேம்பாலத்துப் பக்கம் திருப்பினார்கள். முதலில் திருப்பியவர் என் அப்பா. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்த கதை!

"எங்க போறிய?" என்று அம்மா மறித்தாள்.

"சாமி மேல எப்படித் தாயி சைக்கிள ஏத்த?" என்றார் வரிசையில் மூத்தவர்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். "ஏன் அண்ணாச்சி, ஊர்ல தேரு வாரதுக்கு முந்தி வீதியெல்லாம் கோலம் போடுதோம்லா? தேரு அது மேலதான வருது? இல்ல, மேம்பாலம் சுத்தியா வருது?"

அம்மா அப்பாவின் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, அத்தனை பாரத்தோடும் கோலத்தின் மேல் தள்ளிக்கொண்டு நடந்தாள். பின்னால் அப்பா போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு சைக்கிளாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மாட்டுங்கா பக்கம் திரும்பும் வரை ரோட்டில் வெள்ளை டயர்த் தடம். நான் "எங்கம்மா, எங்கம்மா" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடினேன். அன்றைக்கு இருந்த பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை. கான்கிரீட் காய்கிற வரைக்கும் அம்மா தினமும் கோலம் போட்டாள். எங்கள் சந்திலிருந்து ஒரு சைக்கிள்கூட மேம்பாலம் ஏறவில்லை.

சாமிக்கே வழி சொல்லக்கூடியவள் என் அம்மா, அவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்றுதான் நினைத்தேன். அன்று வீட்டுக்கு ஓடி வந்தபோது, எனக்கு முன்பே வந்துவிட்ட அம்மா அம்மன் படத்தின் முன்னால் நின்று கன்னத்தில் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லளா. கொசு" என்றாள்.

தாராவியில் கொசுவுக்கா பஞ்சம்? நம்பிவிட்டேன். இரண்டு கன்னத்திலுமா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.