அவிழ்த்துப் பார்க்காத சாக்கு

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு போகி அன்று விடியற்காலையில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். நான் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். ஆறாவது பாதியில் படிப்பை விட்டவன். கோர்வையாக எழுத வராது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே பெண். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தாள். அந்த வருடம் பார்த்து மில்லில் விழுந்து இடுப்பில் அடிபட்டு மூன்று மாதம் படுத்துவிட்டேன். காலேஜ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனாள். வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டாள். அந்தக் குணம் என்னுடையது.

செல்போனில் நெட் எல்லோருக்கும் வர ஆரம்பித்த நேரம் அது. ஒரு நாள் பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் ஒன்று முதல் பதினேழு வரை எண் போட்டு ஏதோ எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டினாள்.

"இன்னாமா இது?"

"கம்ப்யூட்டர் படிப்புப்பா. காலேஜுல நாலு வருசம் சொல்லிக் குடுக்கறத யாரோ வரிசையா எழுதி நெட்ல போட்டிருக்காங்க. வாத்தியாரு பேசறத போன்லயே பாக்கலாம். காசு கிடையாது."

"வாத்தியாரு அடிக்க மாட்டாரா?"

"மாட்டாரு. நாமளே நம்மள அடிச்சிக்கணும்."

இரண்டு வருடம் ஆகும் என்றாள். ஒன்றை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகக் கூடாதாம். எல்லாம் முடித்தால் சேலத்தில் ஒரு கம்பெனியில் டிகிரி கேட்காமல் வேலைக்கு எடுக்கிறார்களாம், செய்ததைக் காட்டினால் போதுமாம்.

"ரெண்டு வருசமா?" என்றாள் என் மனைவி. "அதுக்குள்ள இவ கூட படிச்சவளுங்க எல்லாம் புள்ள பெத்துடுவாளுங்க."

"பெத்துக்கட்டும்மா. நான் போயி தாலாட்டு பாடிட்டு வரேன்."

நான் தலையாட்டினேன். அதுதான் நான் கொடுத்த வாக்கு.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. நோட்டில்தான் எழுதினாள். எழுதியதற்குப் பக்கத்தில் கோடு கிழித்து, இது இப்போது எவ்வளவு, அது இப்போது எவ்வளவு என்று எண்களை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே போவாள். கம்ப்யூட்டர் செய்கிற வேலையை இவள் கையால் செய்து பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. கடைக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அன்று கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போவாள். அந்தக் கடைக்கார அம்மாவுக்கு மனு, விண்ணப்பமெல்லாம் நிரப்பிக் கொடுப்பாள். அதற்குப் பதிலாக அந்த அம்மா ஒரு கம்ப்யூட்டரை மத்தியானம் இவளுக்கு விடுவார். நோட்டில் எழுதியதை அடித்துப் பார்ப்பாள். சரியாக வந்தால் நோட்டில் சிவப்பு மையில் டிக். சாயந்திரம் கிளம்பும்போது கடை கம்ப்யூட்டரில் அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு வரவேண்டும். நோட்டில் இருப்பதுதான் மிச்சம்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, மில்லுல மூட்டைய அடுக்கி அட்டி போடுறியே, கடைசியா வெச்ச மூட்டையதான மொதல்ல எடுப்ப?" என்றாள்.

"பின்ன, அடி மூட்டைய உருவுனா அட்டி சாஞ்சிடும்ல."

"அதான்ப்பா இன்னிக்கி பாடம். கம்ப்யூட்டருக்குள்ளயும் அட்டி போடறாங்க."

என் வேலை அந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கைப்பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

கதவுக்குப் பின்னால் டிக் ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது வருடம் மார்கழியில் பதினான்கு.

அந்த மாதம் என் மச்சான் ஒரு வரன் கொண்டுவந்தார். திருநாவலூர் குடும்பம். பையன் வெள்ளிமலையில் தங்கி கல்வராயன் மலை மேல் வேன் ஓட்டுகிறவர். நல்ல மாதிரி. தை பிறந்தால் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் பார்க்கலாம் என்றேன். அவள் அடுப்படியில் இருந்தாள். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வழியில் வந்து நின்றாள்.

"அப்பா, மூணுதான் பாக்கி. ரெண்டு வருசம்னு சொன்னேன், கடை வேலையில கொஞ்சம் தள்ளிப் போச்சு. இன்னும் ஒரு ஆறு மாசம் மட்டும் குடுப்பா."

அவள் வாய் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சரி என்று மனதில் வைத்துக்கொண்டேன். மச்சானிடம் ஆனியில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட நினைத்தேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

மில்லில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சாக்கை அவிழ்க்காமல், தூக்கிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன். அரிசியா, குருணையா, தவிடா, எல்லாம் தோளுக்குத் தெரியும். ஆட்கள் பந்தயம் வைப்பார்கள். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

போகி அன்று விடியும் முன்பே எழுந்தேன். பரணைக் காலி செய்து, பழம்பாய், உடைந்த முறம், கிழிந்த தலையணை எல்லாவற்றையும் வாசலில் போட்டேன். பரண் மூலையில் ஒரு மில் சாக்கு, வாய் கட்டிக் கிடந்தது. அடியில் கிழிசல். தூக்கிப் பார்த்தேன். பழந்துணியும் காகிதமும் என்றது தோள். மேலே போட்டுக் கொளுத்தினேன்.

சாக்கு எரிந்து விரிந்தபோதுதான் உள்ளே இருப்பது தெரிந்தது. பதினொரு நோட்டு. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது நனையாமல் இருக்கட்டும் என்று அவள் கட்டி மேலே வைத்திருக்கிறாள். சிவப்பு மை தெரிந்தது. கோலமாவுக் கிண்ணத்தோடு அவள் எதிரே நின்றிருந்தாள்.

தண்ணீர் ஊற்றியிருக்கலாம். இரண்டு நோட்டாவது தேறியிருக்கும். நான் கையில் குச்சியோடு நின்றேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். சொன்னால் உடைந்துவிடுவேன் என்று பயம். என் பெண் முன்னால் நான் அழுததில்லை.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த குச்சியை வாங்கினாள். ஓரத்தில் விழுந்து கிடந்த ஒரு நோட்டு இன்னும் எரியவில்லை. அதை அவளே நெருப்புக்குள் தள்ளினாள்.

"பழசுதான்ப்பா" என்றாள். குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோலம் போட உட்கார்ந்தாள்.

அவள் தாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். மறுபடி எழுதிக்கொள்வாள் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. பெண் பார்க்க வந்தார்கள். சம்மதமா என்று அவள் அம்மா கேட்டாள். சரி என்றாள். அவளே சரி என்றபிறகு நான் ஆறு மாதம் தள்ளச் சொல்ல முடியுமா? மாசியில் கல்யாணம் முடிந்தது.

மாப்பிள்ளை குறை சொல்ல முடியாத மனிதர். வெள்ளிமலையில் வீடு. அங்கே போனில் பேசுவதற்கே சிக்னலைத் தேடி ரோட்டுக்கு வரவேண்டும்.

போன பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் மலைக்குப் போனோம். போகி காலையில் மகள் பழைய சாமான்களை வாசலில் குவித்தாள். கொளுத்துவதற்கு முன் நான் உட்கார்ந்து ஒவ்வொரு பையையும் அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள்.

"இன்னாப்பா, ஒண்ணொண்ணா நோண்டிக்கினு கெடக்கற? அன்னிக்கி அப்படியே தூக்கிப் போட்டியே."

கோபமில்லை. சும்மாதான் சொன்னாள்.

"அன்னிக்கித் தெரியாதும்மா."

"இன்னா தெரியாது?"

"உன் நோட்டுன்னு தெரியாது. பழந்துணின்னு நெனச்சேன்."

கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

"நீ பதில் சொல்றன்னுதான்ப்பா நான் நெனச்சேன்."

"எதுக்கு?"

"ஆறு மாசம் கேட்டேனே. நீ ஒண்ணும் சொல்லல. பத்து நாள்ல போகி வந்துச்சு, கொளுத்திட்ட. முடிஞ்சுதுன்னு சொல்றன்னு நெனச்சிக்கினேன்."

"நான் மனசுல சரின்னுதாம்மா வெச்சிருந்தேன்."

"மனசுல வெச்சா எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அவிழ்த்து வைத்திருந்த பையின் வாயைத் திரும்பக் கட்டினேன். ஒன்பது வருடமாக என் மகள், அவள் படிப்பை அப்பா வேண்டுமென்றே எரித்தார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"உடுப்பா. இப்ப இன்னா அதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெளியே வர ரொம்ப நேரம் ஆனது. டீ கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். அப்படியே குடித்துவிட்டேன்.

காலண்டர் தாள் இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பதினான்கு டிக். கீழே மூன்று வரி சும்மா கிடக்கிறது. கதவுக்கு வர்ணம் பூசும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் பூசுகிறேன். கிழித்துப் போடச் சொல்லி மனைவி கேட்டபோது, அதில் கை வைக்காதே என்று சத்தமாகச் சொன்னேன்.

மில்லில் பந்தயத்தை நிறுத்திவிட்டேன். ஏன் என்று ஆட்கள் கேட்கிறார்கள். வயசாகிவிட்டது என்று சொல்கிறேன். வாசலில் என் எதிரே நின்றவள் மனதில் இருந்ததை அவிழ்த்துப் பார்க்காமல் விட்டவன், சாக்குக்குள் இருப்பது தெரியும் என்று இனி எந்த வாயால் சொல்வேன்?