கன்னிமார் மடுவும் செல்வமணியின் பையும்

போன ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் எனக்கு ஒரு சின்ன அவமானம். கெண்டையின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், வயிற்றை அமுக்கினேன், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன், திருப்பிப் போட்டு மறுபடியும் முகர்ந்தேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இவ்வளவு சந்தேகம் இருக்கிறவர் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போகலாமே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வெண்டைக்காயையும் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கையில் ஒட்டிய அந்தச் சேற்று வாடை சோப்புப் போட்டும் சாயங்காலம்வரை போகவில்லை. இதே வாடையோடு ஒருநாள் பச்சைமலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறேன். அன்றைக்கு நான் பட்ட சந்தேகத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள்.

சந்தேகம் எனக்குத் தொழிலாக வந்தது. ஆண்டிமடத்தில் முந்திரிக் கொல்லைக்கு நடுவே வளர்ந்தவன் நான். முதல் வேலை அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், எடைமேடையில். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, கல் ஏற்றிப் போகும்போது ஒரு எடை. கேட்க எளிது. ஆனால் காலி வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிளீனர் படுத்திருப்பான், டிரம்மில் தண்ணீர் நிறைந்திருக்கும், இருக்க வேண்டிய ஸ்டெப்னி இருக்காது, இருக்கக்கூடாத இடத்தில் இரும்பு இருக்கும். எதையும் அப்படியே நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கொஞ்ச நாளில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போனால் அம்மா சிரித்த முகத்தோடு காபி கொடுத்தாலும், எந்தப் பெண்ணின் ஜாதகம் வந்திருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

அந்தச் சுரங்கத்தில் எல்லாமே வெள்ளை. இமை, மீசை, டீ கிளாஸின் விளிம்பு எல்லாவற்றிலும் தூசி. வேலை முடிந்து எல்லோரும் குழாயடியில் கை கழுவும்போதுதான் செல்வமணி அண்ணனின் இடது கையைக் கவனித்தேன். கடைசி இரண்டு விரல்கள் இல்லை. அவர் பாறையில் துளை போடும் மெஷின் ஓட்டுபவர். நாற்பதை நெருங்கிய, அதிகம் பேசாத மனிதர். விரலைப் பற்றிக் கேட்டபோது, கம்ப்ரஸர் பெல்ட்டில் சிக்கியது என்றார். வேறொரு நாள் வேறொருவரிடம் லாரிக் கதவில் நசுங்கியது என்று சொல்லக் கேட்டேன். ஒரே பொருளுக்கு இரண்டு எடை. என் மனசில் அவருக்கு அன்றே சிவப்புக் கோடு விழுந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் ஜாபர் லீவில் வந்தான். பெரம்பலூர் ஹாஸ்டலில் என் அறைத் தோழன், லப்பைக்குடிக்காட்டுக்காரன், ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை. எல்லோரும் சென்ட்டும் பிஸ்தாவும் கொண்டுவருவார்கள். அவன் கூடவே ஒரு தூண்டிலையும் கொண்டுவந்திருந்தான். குடை மாதிரி இழுத்தால் நீளும், கைப்பிடிக்கு மேலே சுற்றுகிற சக்கரம், பளபளவென்று பொய் மீன்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடலோரத்தில் போய் உட்கார்ந்துவிடுவானாம். "நம்ம ஊரு தண்ணியில ஒரு நாளு போடணும் மாப்ள. ஆளே இல்லாத காட்டுக்குள்ள" என்றான். அவன் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வெள்ளாற்றில் அந்த வருஷமும் மணல்தான் கிடந்தது.

இதை நான் குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்வமணி அண்ணன் தானாகவே வாயைத் திறந்தார். பச்சைமலையில் அரும்பாவூருக்கு மேலே கன்னிமார் மடு என்று ஓடைத் தண்ணீர் ஆழமாகத் தேங்குகிற இடம் ஒன்று இருக்கிறது, வழி தெரியும், நானும் வருகிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவர் மீன் சாப்பிடமாட்டார். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்தில் யாராவது மீன்குழம்பு வைத்திருந்தால் எழுந்து தள்ளிப் போய் உட்காருகிற ஆள். அவருக்கு எதற்கு மீன் பிடிக்கிற இடம்?

கிளம்பிய அன்று பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அவர் கழுத்தில் ஒரு மஞ்சள் பையை மாட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஜாபர் அவன் வண்டியில் முன்னே போக, நான் அண்ணனின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். பள்ளம் வந்தால் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொள்வார். டீக்கடையில் பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்ததும் பையோடு எழுந்து ரோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டார். பாறைக்கு வெடி வைக்கிறவர்களோடு தினமும் புழங்குகிற மனிதர், இல்லாத இரண்டு விரல், நெருப்பைக் கண்டால் விலகும் பை. எடைமேடைக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பாறைக்கு வைக்கிற வெடித் தோட்டா கொண்டுவருகிறார் என்று முடிவுகட்டினேன். தண்ணீரில் தோட்டாவைப் போட்டு மீனை அள்ளுகிறவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். அரும்பாவூர் தாண்டிய அந்தக் கல்ரோட்டில் வண்டி குதித்த ஒவ்வொரு குதிக்கும் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று சொல்லிமாளாது.

கடைசிக் குடிசைகளுக்குப் பக்கத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஓடையோரமாக ஏறினோம். மழை விட்டு ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. ஈர இலை வாடை, ஆட்டுப் புழுக்கை வாடை. மடுவை நாங்கள் பார்ப்பதற்குள் எங்களை ஒரு அம்மாள் பார்த்துவிட்டாள். கையில் தொரட்டிக் கோல், சுற்றிலும் ஆடுகள். வெள்ளையம்மா என்று பேர், பிறகுதான் தெரிந்தது. கும்பிட்டோம். அவள் கும்பிடவில்லை.

"எந்த ஊரு தம்பி நீங்க? கீழ நிக்கிறதுல ஒண்ணு அரியலூரு வண்டியில்ல? இங்க என்னா சோலி?"

மீன் பிடிக்க என்றோம். அவள் ஜாபரின் தூண்டிலைத்தான் வெகுநேரம் பார்த்தாள். சக்கரத்தைத் தொரட்டியால் தொட்டு, இதில் கரண்டு வருமா என்று கேட்டாள். பேட்டரி வைத்துத் தண்ணீரில் கரண்டு விடுகிற ஆட்களும் வந்திருக்கிறார்களாம். ஜாபர் தூண்டிலை அவள் கையிலேயே கொடுத்துச் சுற்றிக்காட்டியும் நம்பிக்கை வரவில்லை. பிறகு சட்டம் சொன்னாள். மடுவின் தலைப்பில் ஏழு கல் நிற்கிறது, அது கன்னிமார். அங்கே செருப்புக் கூடாது, சோப்புக் கூடாது. கல்லைத் தாண்டி மேலே தூண்டில் போடக்கூடாது, மீன் ஏறிப்போய் முட்டை போடுகிற இடம். சினை மீன் மாட்டினால் விட்டுவிட வேண்டும். முதல் மீன் எதுவானாலும் தண்ணிக்கே.

ஜாபர் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினான். தர்காவுக்குப் போனால் கழற்றுகிறோம், இங்கே கழற்ற என்ன என்றான். நானும் கழற்றினேன். செல்வமணி அண்ணன் எப்போது கழற்றினார் என்றே தெரியவில்லை. ஏற்கெனவே வெறுங்காலோடு, தலையைக் குனிந்தபடி நின்றார். பைகளைக் காட்டச் சொன்னாள் வெள்ளையம்மா. எங்கள் இரண்டு பேர் பையிலும் ரொட்டியும் மண்புழு டப்பாவும். அண்ணன் மட்டும் பையை அணைத்துக்கொண்டு, அப்புறம் காட்டுகிறேன் என்றார். அவள் எதிர்க்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தாள். கண்ணை அவர்மேலிருந்து எடுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தக் காவல் எனக்கு ஆறுதலாக இருந்தது. நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஜாபர் ஒருத்தன்தான் மீனைப் பார்த்தான். வெளிநாட்டுப் பொய் மீன்களை எங்கள் ஊர் மீன்கள் சீண்டவேயில்லை. கடைசியில் மண்புழுவுக்கு ஒரு விரால் மாட்டியது, முழங்கை நீளம். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை ஷார்ஜாவில்கூட யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். இதற்குப் பதில் அடுத்த மீனை விட்டுவிடலாமா என்று எதிர்க்கரையைப் பார்த்துப் பணிவாகக் கேட்டான். அவள் கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் அந்த விராலைத் தண்ணீரில் விட்ட விதத்தைப் பார்த்தால், ஏர்போர்ட்டில் வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு போகிறவன் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. அண்ணன் பையை ஒரு கிளையில் மாட்டிவிட்டு முகம் கழுவக் குனிந்தார். ஒரு வெள்ளாடு, கறுப்பும் வெள்ளையுமாக, வந்து பையை முகர்ந்தது. பிறகு பின்காலில் நின்று பையின் அடியைக் கவ்வி இழுத்தது. பை கிழிந்து பாறைமேல் விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குப்புற விழுந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஒரு பாறைக்குப் பின்னால் முகத்தைச் சேற்றில் புதைத்துக்கொண்டேன். கேட்ட சத்தம் கிணிகிணியென்று. தலையைத் தூக்கிப் பார்த்தால் பாறையெங்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் உருண்டுகொண்டிருந்தன. மஞ்சள் கிழங்கு, சின்னச் சின்னக் கண்ணாடி, சீப்பு, ரவிக்கைத் துணி, நாராய்ப் போன கதம்பப் பூ. ஆடு பூவைத் தின்றுகொண்டிருந்தது. ஜாபர் என்னைப் பார்த்து, என்னடா தொழுகிறாயா என்றான்.

வெள்ளையம்மா இக்கரைக்கு வந்துவிட்டாள். பையை உதறினாள், முகர்ந்தாள், தையலைத் தடவிப் பார்த்தாள். வளையலுக்கு அடியில் எதையாவது வைத்துக் கொண்டுவந்திருப்பான் என்று அப்போதும் சந்தேகம். அண்ணன் வளையல்களைப் பொறுக்க இடது கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கையி எனக்குத் தெரியும். எஞ் சீலையக் கிழிச்சுக் கட்டுன கையி."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். இளவயதில் கல்லுடைக்கிற இடத்தில் வேலை பார்த்தபோது, சில பேரோடு தோட்டா எடுத்துக்கொண்டு இதே மடுவுக்கு வந்திருக்கிறார். ஒன்றைப் போட்டார்கள், சின்னதும் பெரிதுமாக மடு முழுக்க வயிற்றைக் காட்டி மிதந்தது. இரண்டாவது அவர் கையை விட்டுப் போவதற்குள் வெடித்துவிட்டது. கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். வெள்ளையம்மாவின் புருஷன் சடையன்தான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு அரும்பாவூர்வரை இறங்கியிருக்கிறார். கன்னிமார் கொண்டுபோன விரல் என்றுதான் அண்ணனின் நினைப்பு. அன்றோடு மீனைத் தொட்டதில்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், அதற்கு முன்னால் வந்து கன்னிமாருக்கு வளையல் போட்டுவிட வேண்டும் என்று பயந்து பயந்து வந்திருக்கிறார். பூவுக்குப் பக்கத்தில் பீடிப் புகை ஆகாது என்றுதான் ரோட்டைத் தாண்டிப் போனாராம்.

நான் சந்தேகப்பட்டது சரியான ஆளைத்தான், நாள்தான் தப்பு.

வெள்ளையம்மா அழவில்லை, ஏசவுமில்லை. அவளுக்கு வேறு கணக்கு இருந்தது. கொஞ்ச வருஷத்துக்கு இந்தத் தண்ணியில் ஒரு அயிரைகூட இல்லையாம். அதைவிட, வெடிக்காரனைத் தூக்கிக்கொண்டு போனதால் அவனை மடுவுக்குக் கூட்டிவந்ததே சடையன்தான், பங்கு வாங்கிக்கொண்டான் என்று ஊர் பேசிவிட்டது. கன்னிமார் பூசையில் அவருக்கு விபூதி தருவதில்லை. அவர் அந்தப் பேரோடுதான் செத்துப்போனார்.

"வளையல வச்சுட்டுப் போயிடலாம்னு பாக்காத. ஊருக்குள்ள வந்து, அவரு கூட்டியாரலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

அண்ணன் தலையாட்டினார். வளையல்களை ஏழு கல்லுக்கும் பிரித்து வைத்தார். பிறகு கீழே இறங்கினோம். அந்தக் குடிசைகளுக்கு நடுவில் வேம்படியில் ஆட்கள் கூடினார்கள். எங்கள் முகங்களைப் பார்த்த பார்வையில் அடிவிழும் என்றுதான் நினைத்தேன். ஜாபர் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் இடது கையைத் தூக்கிக்காட்டி நடந்ததைச் சொன்னார். நடுவில் நிறுத்தவேயில்லை. சடையன் என்னைக் கூட்டிவரவில்லை, செத்துப்போயிருப்பேன், காப்பாற்றினார் என்றார்.

ஒரு கிழவர், இவ்வளவு வருஷம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். இன்னொருவர், வெள்ளையம்மா காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆளாக இருக்கும் என்று எங்கள் காதுபடச் சொன்னார். வெள்ளையம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருஷப் பூசையில் சடையன் பேரைச் சொல்லி அவள் கையில் விபூதி கொடுத்தார்கள் என்று, மகள் கல்யாணப் பத்திரிகையோடு போய்வந்த அண்ணன் பிறகு சொன்னார். அதையும் அவள் கொஞ்சம் முகர்ந்து பார்த்துத்தான் பூசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாசம் பெரம்பலூருக்கு ஒரு வேலையாகப் போனவன் மடுவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினேன். தார் ரோடு கிட்டத்தட்ட மடுவரைக்கும் வந்துவிட்டது. போனிலேயே வழி காட்டுகிறது. ஏழு கல்லைச் சுற்றி டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். வெள்ளையம்மா ஆடுகளை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாளாம், இப்போது இருக்கிறாளா என்றுகூடச் சொல்லத் தெரிந்தவர் இல்லை. குடிசைகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஏறிப் போனேன், நின்றேன், சுற்றினேன். எந்த ஊர், என்ன சோலி என்று யாருமே கேட்கவில்லை.

கல்லுக்கு மேலே, தண்ணீர் சலசலக்கிற அந்த இடத்தில், ஒருவர் கொசுவலைத் துணியால் குஞ்சு மீன்களை அரித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த ஊருங்க நீங்க என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வலையை உதறிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நீங்க எந்த ஊரு சார்?"

எனக்கும் இந்த மலை வெளியூர்தானே, இறங்கி வந்துவிட்டேன்.