இடது கன்னத்து வெள்ளைத் திட்டு

சுனாமிக்குப் பிறகு கட்சால் தீவிலிருந்து வந்து, ஷாதிபூரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த அக்காவுக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. பாலாடை போல ஒட்டியிருந்தது, சுரண்டினால் வரவில்லை. அது அந்த இடத்தில் வந்ததற்குக் காரணம் உண்டு. அக்கா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரு கையில் கத்தி, மறு கையில் வாளி. வெற்றிலை பாக்கை விடியுமுன் இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால், பால் எடுத்து முடியும்வரை அது அங்கேயே கிடக்கும். தோட்டத்தில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

நான் அப்போது ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன். அங்கிருந்த பல் டாக்டரம்மா, இப்படிப்பட்ட திட்டுகள் உள்ளவர்களின் உமிழ்நீரில் எல்.டி.எச். என்ற நொதியை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை அவரிடம் அழைத்துப் போனேன். புற்று என்றால் அறுவை செய்துகொள்ள மெயின்லேண்டுக்குக் கப்பலேற வேண்டும். "பாதிக் கன்னத்தோட திரும்பி வரவா புள்ள?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

உமிழ்நீர் எடுக்கும் நாளுக்கான விதிகளைச் சொல்லி அனுப்பினேன். காலையில் எதுவும் சாப்பிடக்கூடாது. பாக்கு கூடாது. வெறும் தண்ணீரில் கொப்பளிக்கலாம். காறித் துப்பாமல், தானாக ஊறுவதைக் குழாயில் விட வேண்டும்.

எல்.டி.எச். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. செல் உடைந்தால் வெளியே கசிகிறது. அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. புறஊதா ஒளியை விழுங்கும் ஒரு பொருளைக் குழாயில் சேர்ப்போம். நொதி அந்தப் பொருளைத் தின்னத் தின்ன, திரையில் ஒரு கோடு சரிந்துகொண்டே வரும். சரிவு செங்குத்தாக இருந்தால் நொதி அதிகம். முதலில் என் உமிழ்நீரையே வைத்தேன். கோடு மெல்ல இறங்கியது. நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே என் வாய்க்குள் செல்கள் உதிர்கின்றன, அதை ஓர் இயந்திரம் அறிகிறது என்று நினைத்தபோது மேசையை விட்டு எழ மனம் வரவில்லை.

அக்காவின் கோடு கல் விழுவது போல் விழுந்தது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே லேசான இளஞ்சிவப்பு. வெளியே பெஞ்சில் இருந்தவரிடம் போனேன்.

"அக்கா, பாக்கு போட்டீங்களா?"

"அம்மன் மேல சத்தியமா இல்ல! கரியும் உப்பும் வச்சு நல்லாத் தேய்ச்சுட்டு வந்திருக்கேன். காவி வாயோட டாக்டரம்மா முன்னுக்கு நிக்க ஏலுமா?"

தேய்த்த தேய்ப்பில் ஈறு கசிந்திருந்தது. இரத்தச் சிவப்பணுக்களிலும் அதே நொதி நிறைந்திருக்கிறது. கோடு விழுந்தது அதனாலா, திட்டாலா என்று சொல்ல முடியாது. ஈறு ஆறட்டும், அடுத்த வாரம் வாருங்கள், வாயில் கை வைக்காதீர்கள் என்றேன்.

"இன்னிக்கு அழுக்கு வாயோடதான் வந்திருக்கேன். பொறவு என்னைய ஏசக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாரம் வந்தார். இந்த முறை குழாயில் சிவப்பு இல்லை. கோடு விழவில்லை, ஆனால் என்னுடையதைவிட வேகமாகவே சரிந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தோடா ஜ்யாதா ஹை", கொஞ்சம் கூடுதல்தான், என்றார். நொதி சந்தேகத்தைத்தான் சொல்லும், உறுதியாகச் சொல்வது சதைதான் என்று திட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார்.

துணுக்கின் சீவல் கண்ணாடித் தகட்டில் ஏறி வந்ததும் என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். செல்கள் ஒழுங்கு கெட்டு நெருக்கியடித்து நின்றன, உட்கருக்கள் கறுத்துப் பெருத்திருந்தன. ஆனால் அடியில் மெல்லிய எல்லைக்கோடு ஓரிடத்திலும் அறுபடாமல் ஓடியது. அதைத் தாண்டியிருந்தால் புற்று. தாண்டவில்லை. ஒரு மனுஷியின் கன்னம் முழுவதும் அந்த நூலிழையின் மேல்தான் நின்றது. மூச்சு விட்டால் அறுந்துவிடுமோ என்பதுபோல் பார்த்தேன்.

"அப்ப கப்பல் வேணாமா?" என்றார் அக்கா.

"வேண்டாம். திட்டை மட்டும் இங்கேயே எடுத்துடுவாங்க. ஆனா பாக்கை அடியோட விடணும். மாசாமாசம் வந்து காட்டணும்."

அக்கா கன்னத்தை வெளியிலிருந்து தடவிப் பார்த்தார்.

"கன்னத்த வெட்டுறதே லேசு போல இருக்கே" என்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைச் சுருக்குப்பையை உருவி என் கையில் திணித்துவிட்டு, நான் எதுவும் சொல்லுமுன் வேகமாக வெளியே நடந்தார்.