பாத்துக்கலாம் கவுன்சிலர்

என் அக்கா புருஷனுக்கு நாற்காலி என்றால் உயிர். ஆனால் அதில் உட்காரத்தான் தெரியாது. மூன்று முறை கவுன்சிலராக ஜெயித்தவர், சாப்பிடும்போதுகூட எழுந்து ஓடத் தயாராகத்தான் இருப்பார். வாசலில் யாராவது இருமினால் போதும், கை கழுவாமல் போய்விடுவார். "அவருக்குக் கால்ல சக்கரம், எனக்குக் கைல கரண்டி" என்பாள் அக்கா.

ஊரில் மாமாவுக்குப் பட்டப்பெயர் 'பாத்துக்கலாம்'. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பையனுக்கு ஒரு வேலை வேண்டும், எதைக் கேட்டாலும் தோளைத் தட்டி, "பாத்துக்கலாம், போங்க" என்பார். கேட்டவரும் காரியம் முடிந்த மாதிரி சந்தோஷமாகப் போவார். அதன் அர்த்தம் எங்களுக்குத்தான் தெரியும். செய்யக்கூடிய வேலையாக இருந்தால் "நாளைக்கு வாங்க" என்பார். பாத்துக்கலாம் என்றால் நடக்காது. கட்சியின் மாவட்டச் செயலாளருக்கும் இதே பாஷைதான். அவரை எல்லோரும் 'மாவட்டம்' என்றே கூப்பிடுவார்கள். அவரும் மாமாவும் ஒரே கட்சி ஆபீசில் பாய் போட்டுப் படுத்துக் கிடந்து இந்த வித்தையைச் சேர்ந்தே பழகியவர்கள்.

இந்தத் தேர்தலில் எம்.எல்.ஏ. சீட் மாமாவுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. யார் கேட்டாலும், "எனக்கெதுக்குப்பா அதெல்லாம்" என்பார். குளியலறைக்குள் பதவிப் பிரமாணம் எடுத்துப் பழகுவது அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. எந்நேரமும் என் அச்சகத்துக்கு வந்து நிற்பார். மை டப்பாவைத் திறப்பார், மூடுவார், அடுக்கிய தாளைக் கலைத்து மறுபடி அடுக்குவார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அக்கா வீட்டுக்காவது போவோம் என்று ஒரு மதியம் சாப்பிட இழுத்துக்கொண்டு போனேன்.

பாதிச் சாப்பாட்டில் மாவட்டத்திடமிருந்து போன். மாமா கூடத்தில் நடந்துகொண்டே பேசினார். அந்த ஆளின் குரல் எங்களுக்கே கேட்டது.

"என்னப்பா, நிக்கிறியா?"

ஆசை குரலில் தெரிந்துவிடக் கூடாதே என்று மாமா தொண்டையைச் செருமினார். "பாத்துக்கலாம்ணே."

"சரிப்பா." போன் வைக்கப்பட்டது.

மாமா முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். "கேட்டுட்டாரு."

அக்கா ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்துக்கலாம்னு..." என்றவர் அவசரமாகப் போனை எடுத்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது நாலு தடவை கத்தும்.

திரும்பத் திரும்ப அடித்தும் மாவட்டத்தின் போன் கிடைக்கவில்லை. என் வண்டியிலேயே கிளம்பினோம். வழி நெடுக, "வேகமா போடா, வேகமா போடா" என்று என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். கட்சி ஆபீசில் ஒரே கூட்டம். எல்லோரையும் விலக்கிக்கொண்டு மேஜை முன்னால் போய் நின்று, "எனக்கு வேணும்ணே" என்றார். தனக்கென்று அவர் வாய்விட்டுக் கேட்டு அன்றுதான் பார்த்தேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"இதை அப்பவே சொல்றதுக்கு என்னப்பா? நீ வேணாங்கிறேன்னு நெனச்சு நம்ம கட்சி மரக்கடைக்காரர் பேரைத் தலைமைக்குச் சொல்லிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

"மாத்த முடியாதாண்ணே?"

"முடியாதுப்பா."

அந்த மனிதர் யாருக்கும் அப்படி நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவை நிஜமாகவே சிநேகிதராக நினைத்திருக்கிறார்.

மரக்கடைக்காரரின் போஸ்டர் வேலை என்னிடமே வந்தது. தாள் முழுக்க அவர் சிரிப்பு. அடியில் வரிசையாகக் கவுன்சிலர்களின் தலைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. அச்சுக்குப் போகும் முன்பு மாமா வந்தார். கம்ப்யூட்டருக்கும் வாசலுக்குமாக நடந்தார். வெளியே போய்த் திரும்பவும் வந்தார்.

"என் படத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுடா."

"எவ்வளவு பெருசு மாமா?"

"நானும் நிக்கிறேன்னு தோணுற அளவுக்கு."

'பாத்துக்கலாம்' என்று நாக்கு நுனிவரை வந்தது. "இடமில்ல மாமா" என்றேன்.