சத்தக்காரி நடத்திய சத்தமில்லாத ஆட்டம்

சத்தக்காரியை அந்தத் தெருவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், பார்க்காதவர்கள் கேட்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியவர். எட்டு மெஷின்கள் ஒன்றாகச் சுழலும் இடத்தில் ஒரு வாய் தண்ணீர் கேட்கவும் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்க மறுத்தது. அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டு மூன்றாவது மாடிக்காரர்கள் மரியாதை கருதி ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

இதே பெண்மணிதான் சலவைக்கூடத்தில் பேசாமல் பேசவும் தேர்ந்திருந்தார். குரல் எட்டாத தூரத்துக்குக் கை. உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெதுவாக. விரலைச் சுழற்றினால் திருப்பு. முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரே இழுப்பாக இறக்கினால் மெஷினை நிறுத்து. அவருடைய காதலும் இந்த வழியில்தான் வந்தது. மெஷின்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக், கூடத்தின் மறுகோடியிலிருந்து 'சாப்டாச்சா?' என்று கையால் கேட்டார். இவர் கையால் பதில் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகுதான் மனிதர் அந்தக் குரலைப் பக்கத்தில் கேட்டார். அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

இருவரும் ஓய்வு பெற்றபின், தெருக்கோடிப் பிரார்த்தனைக் கூடத்தின் கீழ்த்தள அறைக்குச் சத்தக்காரி சாவிக்காரியானார். புதன்கிழமை, வருமானம் போதாத குடும்பங்களுக்கு அங்கிருந்து அரிசியும் சோப்பும் பை பையாகப் போகும். சனிக்கிழமை மாலை, சுற்றியிருந்த அடுக்குமாடிகளின் பதின்வயதுப் பிள்ளைகள் பதினாலு பேர் ஆடப் பழகுவார்கள். இரண்டு அறையில் ஏழு பேர் படுக்கும் வீடுகளிலிருந்து வரும் அவர்களுக்குக் கை வீசி நடக்கக் கிடைத்த ஒரே இடம் அதுதான். சத்தக்காரிக்கு ஆட வராது. பக்தியும் சுமார்தான். "கடவுளுக்கு என்னை நல்லாத் தெரியும். அடிக்கடி போய்த் தொந்தரவு பண்ணறதில்ல" என்பார். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடப் பூட்டு தொங்கியதில்லை.

சிக்கல் மேலே இருந்தது. அதே சனிக்கிழமை, அதே நேரத்தில் மாடியில் மௌனப் பிரார்த்தனைக் குழு கூடும். ஒன்பது பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருந்தும் பேச முடியாதவர்களோடு நாற்பது வருடம் பழகியவர். கீழே பாட்டு தொடங்கினால் மேலே மௌனம் ஆட்டம் காணும். அவர் நிர்வாகக் குழுவுக்குப் புகார் எழுதினார். நிர்வாகக் குழுத் தலைவர் தீர்ப்பு சொன்னார்: ஆண்டுவிழா வரைக்கும் கீழேயிருந்து ஒரு சத்தம் வரக்கூடாது, விழாவில் ஆட்டமும் சோபிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த அறையில் கூடத்தின் எண்பது மடக்கு நாற்காலிகளை அடுக்கிப் பூட்டிவிடுவார்கள்.

சத்தக்காரி ஸ்பீக்கரை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகளுக்குக் காலுறை மாட்டிவிட்டார்.

"பாட்டு இல்லாம எப்படிக்கா ஆடறது?" என்றாள் நெட்டை. ஆட்டத்தில் முதல் வரிசை, வாயில் அதற்கும் முன்வரிசை.

"என் கையைப் பாருங்க. ஒரு சலவைக்கூடமே இதைப் பாத்துத்தான் ஓடுச்சு."

"நாங்க என்ன பெட்ஷீட்டாக்கா?"

"பெட்ஷீட் எதிர்த்துப் பேசாது."

இரண்டு மாதம் அப்படியே நடந்தது. உள்ளங்கை தாழ்ந்தால் பதினாலு பேரும் தாழ்ந்தார்கள்; விரல் சுழன்றால் சுழன்றார்கள். மாடியிலிருந்து புகார் இல்லை. பிரமாதமான பாட்டு ஒன்றும் தேர்ந்தெடுத்தாயிற்று. அதை ஒருமுறையாவது போட்டு ஆடிப் பார்க்கலாம் என்று மட்டும் பதினைந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விழா ஞாயிறு மதியம். ஸ்பீக்கருக்குப் பொறுப்பு மெக்கானிக் கணவர். பிள்ளைகள் மேடையேறினார்கள், சத்தக்காரி மேடைக்கு எதிரே நின்று கையைத் தூக்கினார், பாட்டு வெடித்தது.

ஆட்டம் அங்கேயே விழுந்தது. ஏழு பேர் பாட்டின் பின்னால் போனார்கள், ஏழு பேர் கையின் பின்னால் போனார்கள், நடுவில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். "யாரோ குறுக்க குறுக்கப் பேசற மாதிரி இருந்துச்சுக்கா" என்று நெட்டை பிறகு சொன்னாள். முன்வரிசையில், பன்னிரண்டு பக்க உரையோடு காத்திருந்த குழுத் தலைவர், பக்கத்திலிருந்த பல் டாக்டரிடம் குனிந்து, "நாற்காலி எண்பதுதானே?" என்றார். டாக்டர் பழக்கதோஷத்தில் மௌனமாக இருந்தார்.

"நிறுத்துங்க" என்று கத்தினார் சத்தக்காரி. வாழ்நாளில் முதல்முறையாக அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை, ஸ்பீக்கர் ஜெயித்துவிட்டது. அடுத்த நொடி அவர் முஷ்டி தலைக்கு மேல் போய் ஒரே இழுப்பாக இறங்கியது.

மெக்கானிக் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சைகையைக் கண்ட கைக்கு அது தெரியாது. ஸ்பீக்கர் பொத்தான் அவர் விரலடியில் இருக்க, சுவருக்குப் பாய்ந்து மெயின் சுவிட்சையே இழுத்தார். பாட்டு, மைக், மின்விசிறி, காபி மெஷின், எல்லாம் அடங்கின. சுவிட்சின் கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

ஜன்னல் வெயில் மட்டும் மேடையில் இருந்தது. சத்தக்காரி மறுபடி கையைத் தூக்கினார்.

பதினாலு ஜோடிக் காலுறைகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. பிள்ளைகளின் மூச்சுதான் தாளம். திரும்பினார்கள், படர்ந்தார்கள், நெட்டை கிட்டத்தட்டக் கூரையைத் தொட்டு வந்தாள். அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று வாயை மூடிக்கொண்டு பார்த்தது. ஆட்டம் முடிந்ததும், கைதட்டினால் தப்போ என்று கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு தட்டிய தட்டில் தலைவரின் பன்னிரண்டு பக்கமும் தரையில் பறந்தன. மைக் இல்லாததால் உரையும் இல்லை; அதற்குத் தனியாக ஒருமுறை தட்டினார்கள்.

ஆனாலும் அறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பயிற்சி பாதியில் இருந்தபோது வாசலில் பல் டாக்டர் நின்றார். பின்னால் எட்டுப் பேர்.

நெட்டை முந்திக்கொண்டாள். "நாங்க சத்தமே போடலையே டாக்டர்."

"அதாம்மா பிரச்சினை" என்றார் அவர். "கண்ணை மூடினா, கீழே இப்ப என்ன ஆடறாங்களோன்னுதான் ஓடுது. பாட்டு இருந்தாலாவது கடுப்பாகி ஜெபம் பண்ணுவோம்."

"அப்ப அறை?" என்றார் சத்தக்காரி.

"புகார் என்னுதுதானே, வாபஸ் வாங்கிட்டேன். ஒரு அரை மணி நேரம் இப்படி ஓரமா உக்காந்துக்கலாமா? பேசமாட்டோம்."

உட்கார அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளைகள் மேலே ஓடிப்போய் மடக்கு நாற்காலிகளைத் தூக்கி வந்தார்கள். ஆக, நிர்வாகக் குழு விரும்பியபடியே நாற்காலிகள் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தன, இன்றைக்கு ஒன்பது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க டாக்டர், கை மறைக்குது" என்று சத்தக்காரி அவர் காதோரம் கிசுகிசுத்தார்.

தெருவில் தள்ளி, அவர் எதிர்வீட்டு மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது.